படைப்புத் தொழிலுக்கு அரசு ஆதரவு: மானியமா, வரிச்சலுகையா, கட்டடமா, பயிற்சியா?

மூன்று பேர் வெவ்வேறு வார்த்தைகளில் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் கலைஞர்கள் சங்கம் ஒன்றின் செயலாளர். இன்னொருவர் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் சொல்லித்தருபவர். மூன்றாமவர் உள்ளாட்சி உறுப்பினர். சாரம் இதுதான்: "எங்கள் பகுதியில் படம் எடுக்க, அனிமேஷன் செய்ய, கேம் உருவாக்க, வடிவமைக்க, இசை அமைக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கொஞ்சம் தேறியதும் தலைநகரத்துக்குப் போய்விடுகிறார்கள். அரசு இப்போது பணம் ஒதுக்கத் தயாராக இருக்கிறது. எதற்கு ஒதுக்கச் சொல்வது?"

இந்தப் பணம் அடிக்கடி வராது. வந்தது தவறான இடத்தில் போய்விட்டால் அடுத்த பத்து வருடத்துக்கு அந்தப் பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு எச்சரிக்கையோடு தொடங்க வேண்டும். 'படைப்புத் தொழில்' என்ற சொல் பெரிய கூடை. 1998இல் பிரிட்டன் அரசு இந்தத் துறையை முதன்முதலாகக் கணக்கெடுத்தபோது விளம்பரம், கட்டடக்கலை, கைவினை, ஆடை வடிவமைப்பு, திரைப்படம், கணினி விளையாட்டு, இசை, நிகழ்த்துகலை, பதிப்பு, மென்பொருள், தொலைக்காட்சி உள்ளிட்ட 13 தொழில்களை ஒரே பட்டியலில் வைத்தது. தனியாளாகக் களிமண் பிசைபவரும் முந்நூறு பேர் வேலை செய்யும் கேம் நிறுவனமும் அந்தப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரிகள். இருவருக்கும் ஒரே ஆதரவு பொருந்தாது. உங்கள் பகுதியில் இவற்றில் எது வேர் பிடித்திருக்கிறது என்று தெரியாமல் மனு எழுத உட்காராதீர்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்வோம். எல்லாவற்றிலும் முக்கியமானது முதல் கேள்வி: பணம் நின்ற மறுநாள் ஊரில் என்ன மிச்சம்? அரசு ஆதரவு என்றைக்காவது நிற்கும். ஆட்சி மாறும், நிதி நெருக்கடி வரும், அமைச்சரின் கவனம் வேறு பக்கம் போகும். அன்றைக்கு மிஞ்சுவது பூட்டிய கட்டடமா, கையில் தொழில் உள்ள மனிதர்களா, அல்லது வெளியூர் நிறுவனம் தங்கிப்போன ஹோட்டல் அறையா? என் தீர்ப்பில் பாதி எடை இந்தக் கேள்விக்குத்தான்.

இரண்டாவது, அரசு தராவிட்டாலும் இது நடந்திருக்குமா? எப்படியும் எடுக்கப்பட்டிருக்கும் படத்துக்குப் பணம் தந்தால் அது ஆதரவு ஆகாது, வெறும் பரிசு. மூன்றாவது, யார் கைக்கு, எப்போது போகிறது? ஆறு மாதம் கழித்து வரும் பணம், கையில் முதல் உள்ளவருக்கு மட்டும்தான் பணம். நான்காவது, செலவுக்கு உச்சவரம்பு உண்டா? ஐந்தாவது, இதை நடத்த ஊரில் ஆள் இருக்கிறார்களா, முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறதா? தலைநகரத்து மேசையில் முடிவெடுக்கப்படும் திட்டம் தலைநகரத்துக்குப் பழக்கமானவர்களையே தேடும். பிரிட்டன் 2025இல் அறிவித்த படைப்புத் தொழில் திட்டத்தில், ஆறு பிராந்திய மேயர் நிர்வாகங்களுக்கு 15 கோடி பவுண்டு நிதியை நேரடியாகப் பிரித்துக் கொடுக்க முடிவு செய்ததற்குப் பின்னால் இருப்பதும் இந்த யோசனைதான்.

## திட்ட மானியம்

ஒரு குறும்படம், ஒரு கேமின் மாதிரி வடிவம், ஓர் இசைத்தொகுப்பு, ஒரு கண்காட்சி என்று குறிப்பிட்ட வேலைக்கு ஒருமுறை கொடுக்கும் பணம். விரைவாகத் தொடங்கலாம், சிறிய தொகையில் தொடங்கலாம், நட்டம் வந்தாலும் அளவோடு நிற்கும். நான்காவது கேள்விக்கு இதுவே நல்ல பதில்.

மானியம் நன்றாக வேலை செய்வது, வேறு யாரும் பணம் தராத கட்டத்தில். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்து இயங்கும் பிரிட்டன் கேம் நிதி 2015இலிருந்து சிறு குழுக்களுக்கு மாதிரி வடிவம் செய்யப் பணம் தருகிறது. முழு கேமுக்கு அல்ல, மாதிரிக்கு. காரணம் எளிது. காட்ட ஒன்றும் இல்லாத குழுவை எந்த வெளியீட்டாளரும் உட்கார வைத்துப் பேசமாட்டார். கையில் ஆடிப் பார்க்கக்கூடிய பத்து நிமிடம் இருந்தால் பேச்சு தொடங்கும். மானியம் வாங்கிக் கொடுப்பது அந்தப் பத்து நிமிடத்தை.

மறைந்திருக்கும் செலவு விண்ணப்பத்தில் இருக்கிறது. நூறு பேர் விண்ணப்பிக்கிறார்கள், பத்துப் பேருக்குக் கிடைக்கிறது, ஒவ்வொருவரும் எட்டு நாள் செலவழித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 உழைப்பு நாட்களில் 720 வீண். அந்த நாட்களுக்கு யாரும் கூலி தரவில்லை. இது அரசுக் கணக்கில் எங்கும் ஏறாது, கலைஞர்கள் வீட்டுக் கணக்கில் ஏறும். தவிர, விண்ணப்பம் எழுதுவது தனித் திறமை. அது கைவந்தவருக்கே வருடா வருடம் கிடைக்கும். நல்ல தறிக்காரர், நல்ல ஒலிப்பதிவாளர் 'திட்டத்தின் சமூகத் தாக்கம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிடுவார்.

தவணை முறையும் அப்படித்தான். கடைசித் தவணை, கணக்கு ஒப்படைத்துப் பயனீட்டுச் சான்றிதழ் வந்த பிறகு என்றால், நடுவில் ஓடுவது கைமாற்றுக் கடனில். மானியம் கேட்பதாக இருந்தால் மூன்று நிபந்தனைகளையும் சேர்த்துக் கேளுங்கள்: இரண்டு பக்க விண்ணப்பம், முதல் தவணையே பெரும்பகுதி, கிடைக்காதவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று நான்கு வரி பதில்.

எப்போது இது சரி: உங்கள் பகுதியில் யார் இருக்கிறார்கள், யாரால் முடியும் என்பதே இன்னும் தெரியாத நிலையில். சிறு மானியம் ஒரு தேடுதல் கருவி. அதை வருடக்கணக்கில் ஒரே பத்துப் பேருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் தேடுதல் முடிந்துவிட்டது என்று பொருள்.

## வரிச்சலுகை

படம் எடுக்க, தொடர் எடுக்க, கேம் செய்ய வரும் நிறுவனம் இங்கே செலவழித்ததில் இத்தனை சதவீதத்தை அரசு திருப்பித் தரும். பத்திரிகைகளில் அதிகம் அடிபடுவதும், மனுக்களில் முதல் வரியாக வருவதும் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அமெரிக்காவின் இரண்டு மாநிலங்கள், ஒரே வருடம். 2008இல் ஜார்ஜியா தன் சலுகையை 30 சதவீதம் வரை உயர்த்தியது: 20 சதவீதம் அடிப்படை, மாநிலத்தின் சின்னத்தைப் படத்தில் காட்டினால் இன்னும் 10. மிச்சிகன் அதே வருடம் 42 சதவீதம் வரை தருவதாக இறங்கியது. கூடுதலாகத் தந்தது மிச்சிகன். ஆனால் அடுத்த ஆட்சி வந்ததும் வரம்பில்லாத சலுகையை வருடத்துக்கு இரண்டரைக் கோடி டாலர் என்று அடைத்தது. 2015இல் திட்டமே மூடப்பட்டது. இடையில் பான்டியாக் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுப்போன வளாகத்தில் பெரிய படப்பிடிப்புத் தளம் எழுந்திருந்தது. அதற்கான கடன் பத்திரங்களுக்கு உத்தரவாதம் கொடுத்தது மாநில ஊழியர்களின் ஓய்வூதிய நிதி. 2012இல் தளத்தால் தவணை கட்ட முடியவில்லை. ஓய்வூதிய நிதி கட்டியது. வாழ்நாளெல்லாம் உழைத்தவர்களின் பணம் அது. அதைப் படித்த நாளிலிருந்து, சலுகை அறிவிப்பு எதைப் பார்த்தாலும் இறுதியில் யார் பொறுப்பேற்கிறார்கள் என்ற வரியைத்தான் முதலில் தேடுகிறேன்.

ஜார்ஜியாவில் தொழில் நின்று நிலைத்ததற்கு, சலுகை வருடக்கணக்கில் மாறாமல் இருந்தது ஒரு காரணம். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம், 2015இல் அங்கே பொதுப் பல்கலைக்கழகங்களையும் தொழில்நுட்பக் கல்லூரிகளையும் இணைத்து ஜார்ஜியா திரைப்பட அகாதெமி தொடங்கப்பட்டது. லைட்மேன், கிரிப் (கேமரா தாங்கும் கருவிகளை அமைப்பவர்), செட் அமைப்பவர், கேமரா உதவியாளர் எல்லாரும் உள்ளூரில் கிடைக்கத் தொடங்கினால்தான் சலுகைப் பணத்தில் சம்பளமாக ஊருக்குள் இறங்கும் பங்கு கூடும். இல்லையென்றால் நிறுவனம் தன் ஆட்களை விமானத்தில் கூட்டிவரும், அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மட்டும் ஊருக்கு.

அண்டை மாநிலத்தின் கதையும் இருக்கிறது. வட கரோலினாவின் 25 சதவீதச் சலுகை 2014 இறுதியில் காலாவதியானது, அதன் இடத்தில் வரம்புள்ள மானியம் வந்தது. படப்பிடிப்புகள் எல்லை தாண்டிப் போயின. பழகிய தொழிலாளர்களும் பின்னாலேயே போனார்கள். சதவீதத்தைப் பார்த்து வந்தவரை அதைவிடப் பெரிய சதவீதம் கூட்டிப்போகும்.

இதில் மறைந்திருக்கும் செலவுகள் பல. ஜார்ஜியாவில் சலுகை கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரிக்கழிவாக வருகிறது, அதை வேறொருவருக்கு விற்கலாம். அந்த மாநிலத்தில் பெரிதாக வரி கட்டவேண்டியிராத தயாரிப்பு நிறுவனம் தன் கழிவைத் தள்ளுபடி விலையில் உள்ளூரில் வரி கட்டும் ஒருவருக்கு விற்றுவிடும். அந்தத் தள்ளுபடி படத்துக்கும் போகவில்லை, தொழிலாளிக்கும் போகவில்லை. அடுத்தது, நட்சத்திரத்தின் சம்பளத்தையும் தகுதியான செலவாகக் கணக்கிட்டால் அரசுப் பணத்தின் பெரும்பகுதி அவர் வசிக்கும் ஊருக்குப் போகிறது. மூன்றாவது, சலுகை என்பது செலவழித்த பிறகு திரும்பி வருவது. சிறிய நிறுவனம் அதுவரை வட்டிக்கு வாங்கித்தான் ஓட்ட வேண்டும். நான்காவது, வரம்பு வைக்காத சலுகையில் அடுத்த வருடச் செலவு எவ்வளவு என்று நிதித்துறைக்கே தெரியாது.

வெற்றி பெற்றாலும் ஒரு சிக்கல் உண்டு. கனடாவின் மான்ட்ரியால் நகருக்கு 1997இல் யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு கேம் நிறுவனம் வந்தது. கியூபெக் அரசு கேம் துறைச் சம்பளத்தில் 37.5 சதவீதம் வரை திருப்பித் தந்தது. நகரம் உலகின் பெரிய கேம் மையங்களில் ஒன்றானது. செலவுக்கு அல்லாமல் சம்பளத்துக்குத் தந்ததால் பணம் உள்ளூரில் வாழ்பவர் கைக்குப் போனது. ஆனால் கால் நூற்றாண்டு கழித்தும் சலுகையை நிறுத்த முடியவில்லை. சலுகைச் சம்பளம் தரும் பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் ஆட்களை இழுத்துக்கொள்கின்றன என்று உள்ளூர்ச் சிறு நிறுவனங்கள் முறையிட்டன. 2024இல்தான் அரசு, ஒவ்வொரு ஊழியரின் சம்பளத்திலும் ஒரு தொடக்கப் பகுதியைக் கணக்கிலிருந்து விலக்கிச் சலுகையைச் சுருக்குவதாக அறிவித்தது.

அயர்லாந்து செய்த இரண்டு திருத்தங்கள் எனக்குப் பிடித்தவை. திரைப்பட வரிச்சலுகை கேட்கும் தயாரிப்பாளர், யாருக்கு என்ன பயிற்சி தரப்போகிறார் என்ற திட்டத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தலைநகரப் பகுதிக்கு வெளியே எடுத்தால் 2019இலிருந்து 5 சதவீதம் கூடுதல், அது படிப்படியாகக் குறைந்து 2023 இறுதியோடு முடிந்தது. எப்போது முடியும் என்று முன்பே தெரிந்திருந்தால் அதற்குள் செய்யவேண்டியதைத் திட்டமிடலாம்.

எப்போது இது சரி: பழகிய தொழிலாளர்கள் ஏற்கனவே கணிசமாக இருந்து, வேலை மட்டும் பற்றாக்குறையாக இருக்கும்போது. அப்போதும் உள்ளூரில் வசிப்பவரின் சம்பளத்துக்கு மட்டும், வருட வரம்போடு கேளுங்கள்.

## கட்டடம்

பார்க்க முடிகிற ஒரே ஆதரவு இதுதான். திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, மக்கள் சுட்டிக்காட்டலாம். எனவே அரசியல் தலைமை இதை விரும்புவதில் தவறில்லை. ஆனால் கட்டி முடித்த நாளில்தான் செலவு தொடங்குகிறது.

எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் பில்பாவ் நகரத்தைச் சொல்வார். ஸ்பெயினில் எஃகுத் தொழிலும் கப்பல் கட்டும் தொழிலும் சரிந்த அந்த ஊரில் 1997இல் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தது, ஊரே மாறியது. உண்மை. ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை பல வருடங்களாக நடந்துகொண்டிருந்தது. அருங்காட்சியகம் ஒரு பெரிய நகர மறுசீரமைப்பின் ஓர் உறுப்பு. மீதி உறுப்புகளை விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் நகலெடுத்தவர்கள் பலர்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1999 மார்ச்சில் தேசிய வெகுசன இசை மையம் திறந்தது. செலவு ஒன்றரைக் கோடி பவுண்டு. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, அடுத்த வருடமே மூடினார்கள். இப்போது அது பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடம். வெஸ்ட் பிராம்விச் நகரில் 'தி பப்ளிக்' என்ற கலை மையம் 2008இல் திறந்தது, செலவு ஏழு கோடி பவுண்டுக்கும் மேல். 2013இல் மூடப்பட்டு மேல்நிலைக் கல்லூரியாக மாறியது. இரண்டு ஊரிலும் கலைஞர்கள் இல்லாமல் இல்லை. ஷெஃபீல்டின் இசை வரலாறு உலகம் அறிந்தது. இசை பிறந்தது ஒத்திகை அறைகளிலும் சிறு அரங்குகளிலும். அவற்றுக்கு வாடகை கட்ட உதவியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

எதிர்ப்பக்கத்தில் பெல்ஃபாஸ்ட். கப்பல்களுக்கு வண்ணம் பூசப் பயன்பட்ட பெரிய கொட்டகை ஒன்று துறைமுகப் பகுதியில் சும்மா கிடந்தது. உயரமான கூரை, நடுவில் தூண் இல்லாத தரை. படப்பிடிப்புத் தளத்துக்கு வேண்டியதும் அதுதான். 2009இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓ தன் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற கற்பனைத் தொடரின் சோதனைப் பகுதியை அங்கே எடுத்தது. 2018 வரை அந்தத் தொடர் வட அயர்லாந்தை மையமாக வைத்தே எடுக்கப்பட்டது. தச்சர், வெல்டர், தையல்காரர், மின்பணியாளர் எனப் பத்து வருடத் தொடர் வேலை. பிரிஸ்டல் மாநகராட்சியும் 2010இல் பழைய புட்டி நிரப்பும் ஆலை ஒன்றைத் தளமாக மாற்றியது. இரண்டு இடத்திலும் இருந்த கட்டடத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

கட்டடம் கேட்கிறீர்கள் என்றால் கட்டுமானச் செலவுக்கு முன் பத்து வருடப் பராமரிப்புச் செலவைக் கேளுங்கள். கரண்ட் பில், கூரை ஒழுகல், குளிர்சாதனம், காவலர் சம்பளம், ஐந்து வருடத்தில் பழசாகும் கேமராவும் கணினியும். இந்தத் தொகையைக் காகிதத்தில் எழுதிய பிறகும் திட்டம் நிற்கிறதென்றால் மேலே பேசலாம். இன்னொரு சோதனை: இன்றைக்கே வாடகை தர மூன்று குழுக்கள் தயாராக இருக்கின்றனவா? இல்லையென்றால் கட்டிய பிறகும் வரமாட்டார்கள்.

எப்போது இது சரி: ஆளும் வேலையும் இருந்து, இடம் இல்லாததால்தான் வேலை வெளியூர் போகிறது என்று காட்ட முடியும்போது. முதல் தேர்வு காலிக் கட்டடத்தின் நீண்ட குத்தகை.

## பயிற்சி

பணம் நின்ற பிறகு மனிதருக்குள் மிஞ்சுவது இது ஒன்றுதான். அதனால் என் மனம் இந்தப் பக்கம் சாய்கிறது. ஆனால் மிக எளிதாக வீணாவதும் இதுதான்.

முதல் தவறு எண்ணிக்கையில். இருநூறு பேருக்கு எடிட்டிங் சொல்லித்தந்து, ஊரில் இருபது பேருக்குத்தான் வேலை என்றால், மீதி நூற்றெண்பது பேரில் துணிந்தவர்கள் தலைநகரத்துக்குப் போவார்கள், மற்றவர்கள் வேறு வேலைக்குப் போவார்கள். நம் பணத்தில் தலைநகரத்துக்கு ஆள் தயார் செய்து அனுப்பியதாக ஆகும். அறிக்கையில் மட்டும் '200 பேர் பயிற்சி பெற்றனர்' என்று இருக்கும்.

இரண்டாவது தவறு வடிவத்தில். பிரிட்டன் 2017இல் தொழிற்பழகுநர் தீர்வை கொண்டுவந்தது. வருடச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் அதில் 0.5 சதவீதம் செலுத்தி, அந்தப் பணத்தில் பழகுநர்களுக்குப் பயிற்சி தரலாம். நல்ல நோக்கம். ஆனால் பழகுநர் ஒரே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் இருக்க வேண்டும் என்று விதி. படப்பிடிப்போ சில மாதங்களில் முடிந்து கலைந்துவிடும், வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் ஃப்ரீலான்ஸ். திரைத்துறை நிறுவனங்கள் தீர்வை கட்டின, அந்தப் பணத்தை எடுத்துப் பயன்படுத்தத் திணறின. பிறகுதான், ஒரு முகமை பழகுநரை வேலைக்கு எடுத்துக்கொண்டு ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு அனுப்பும் முறை வந்தது. 2025 ஆகஸ்டிலிருந்து குறைந்தபட்சக் காலமும் 8 மாதமாகக் குறைந்தது. வேலை எந்த வடிவத்தில் வருகிறதோ அந்த வடிவத்தில்தான் பயிற்சியும் இருக்க வேண்டும். தொழிற்சாலைக்கு எழுதிய விதியைப் படக்குழுவுக்கு மாட்டினால் கிழியும்.

மூன்றாவது, வரிசை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தை மறுபடி பாருங்கள். 1980களில் அங்கிருந்த டைமெக்ஸ் ஆலையில்தான் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிகள் செய்யப்பட்டன. ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் அதைத் தட்டித் தட்டியே கேம் எழுதக் கற்றார்கள். 1987இல் அந்த ஊரில் டிஎம்ஏ டிசைன் என்ற கேம் நிறுவனம் பிறந்தது. அதற்குப் பத்து வருடம் கழித்து, 1997இல், அதே ஊரின் அபர்டே பல்கலைக்கழகம் உலகின் முதல் கணினி விளையாட்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஆர்வம், பிறகு தொழில், அதன் பிறகு படிப்பு. படித்து முடித்தவருக்குத் தெருக்கோடியில் நிறுவனம் இருந்தது. வேலையே இல்லாத இடத்தில் படிப்பை மட்டும் தொடங்கினால் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்கும் பட்டதாரிகள்தான் உருவாவார்கள்.

எந்தத் திறன் என்பதிலும் கவனம் வேண்டும். எல்லாப் பயிற்சித் திட்டமும் இயக்குநரையும் ஒளிப்பதிவாளரையும் நோக்கியே ஓடுகிறது. ஊரில் உண்மையில் குறைவாக இருப்பவர்கள் தயாரிப்புக் கணக்காளர், மேலாளர், ஒலிப்பதிவாளர், ஒப்பந்தம் படித்துச் சொல்லத் தெரிந்தவர், பதிப்புரிமை தெரிந்தவர். பட்ஜெட் போடத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் ஐந்து குழுக்கள் பிழைக்கும். இந்தத் திறன்களைச் சில மாதங்களில் சொல்லித்தரலாம், படவேலை இல்லாத மாதத்தில் வேறு தொழிலிலும் சோறு போடும். கைவினைத் துறையிலும் இதுவே. பொருளைச் செய்யத் தெரிந்தவருக்கு விலை போடவும் ஆர்டர் ஒப்பந்தம் எழுதவும் கற்றுத்தருவது, இன்னொரு வடிவமைப்புப் பட்டறையைவிடப் பயன் தரும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. கற்றுத்தர வருபவர் தன் அன்றைய வேலையை விட்டு வருகிறார், அந்த நாள் கூலியை முழுதாகத் தர வேண்டும். கற்பவருக்கும் உதவித்தொகை வேண்டும். இதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நினைக்கிறேன். சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் கற்றுக்கொள்ள முடிகிறவர் யார்? வீட்டில் வசதி உள்ளவர் மட்டும். தச்சர் மகள், தையல்காரர் மகன் எல்லாம் இரண்டாம் மாதம் நின்றுவிடுவார்கள். பிறகு அவர்கள் கதையை யார் சொல்வது?

எப்போது இது சரி: வேலை இருக்கும்போது, அல்லது வரப்போவது உறுதியாகும்போது. தனித் திட்டமாக அல்லாமல், மற்ற எந்த ஆதரவோடும் சேர்த்துக் கட்டும் நிபந்தனையாக.

## கடன் உத்தரவாதம்

சுருக்கமாக முடிக்கலாம். வங்கி அடமானம் கேட்கும். படைப்புத் தொழிலின் சொத்து பதிப்புரிமையும் கையிலிருக்கும் ஒப்பந்தமும். அதை எப்படி மதிப்பிடுவதென்று வங்கிக்குத் தெரியாது. அரசு நட்டத்தில் ஒரு பங்கை ஏற்பதாகச் சொன்னால் வங்கி இறங்கிவரும். பிரான்ஸில் இதற்கென்றே 1983இலிருந்து இஃப்சிக் என்ற நிறுவனம் இயங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் 12.1 கோடி யூரோவில் இப்படியொரு உத்தரவாத நிதியைத் தொடங்கியது. ஒரே தொகையைப் பல கடன்களுக்குப் பிணையாக வைக்கலாம் என்பதால் அரசுக்குச் சிக்கனம்.

ஆனால் கடன் கடன்தான். கையில் ஆர்டர் உள்ள, மாத வருமானம் ஓரளவு தெரிந்த நிறுவனத்துக்கு மட்டும் பொருந்தும். முதல் படம் எடுக்கப்போகும் இளைஞரின் தலையில் இதை ஏற்றாதீர்கள்.

## வருமான ஆதரவு

திட்டத்துக்கு அல்லாமல் மனிதருக்குத் தருவது. அயர்லாந்து 2022இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ வீதம் தரத் தொடங்கியது. தகுதியுள்ளவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். கிடைக்காதவர்களில் ஒரு குழுவையும் சேர்த்துக் கவனித்தார்கள், அதனால் பணம் என்ன மாற்றம் செய்தது என்று ஒப்பிட்டுச் சொல்ல முடிந்தது. பிரான்ஸில் நிகழ்கலை, திரைத்துறைத் தொழிலாளர்கள் 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்திருந்தால் வேலையில்லா நாட்களுக்குக் காப்பீட்டுத் தொகை உண்டு.

இரண்டும் தேசிய அரசுகளின் வேலை. ஒரு பகுதி நிர்வாகத்தால் அந்த அளவில் முடியாது. ஆனால் ஆறு மாத உதவித்தொகை, வருடத்துக்குப் பத்துப் பேருக்கு, ஊரிலேயே தங்கி வேலை செய்யவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு தரமுடியும். தலைநகரத்துக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவரை நிறுத்திவைக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. தொழில் நிறுவனம் இதனால் உருவாகாது. யார் 'கலைஞர்' என்ற வரையறையில் சண்டையும் வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

## ஒரு பார்வையில்

| வழி | பணம் நின்றபின் மிச்சம் | பணம் வரும் வேகம் | செலவு வரம்பு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| திட்ட மானியம் | முடிந்த ஒரு படைப்பு | விரைவு, தவணை சிக்கினால் தாமதம் | தெளிவு | வீணாகும் விண்ணப்ப உழைப்பு |
| வரிச்சலுகை | உள்ளூர்த் தொழிலாளர் இருந்தால் அனுபவம், இல்லையேல் சொற்பம் | செலவழித்த பிறகு | வரம்பு வைக்காவிட்டால் இல்லை | அண்டைப் பகுதியோடு போட்டி, நிறுத்த முடியாமை |
| கட்டடம் | கட்டடமும் அதன் பராமரிப்பும் | வருடங்கள் | கட்டும்வரை மட்டும் தெளிவு | மின்சாரம், பழுது, பழசாகும் கருவி |
| பயிற்சி | திறன் உள்ள மனிதர் | நடுத்தரம் | தெளிவு | வேலை இல்லையேல் வெளியேற்றம் |
| கடன் உத்தரவாதம் | கடன் வரலாறு உள்ள நிறுவனம் | நடுத்தரம் | தெளிவு | திருப்பிக் கட்டும் சுமை |
| வருமான ஆதரவு | ஊரிலேயே தங்கிய கலைஞர் | உடனடி | தெளிவு | தகுதி வரையறைச் சண்டை |

## கேட்ட மூவருக்கும்

சங்கச் செயலாளருக்கு: வரிச்சலுகையை மனுவின் முதல் வரியிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் தனியாட்கள். சலுகை அவர்கள் கைக்கு நேராக வராது. சிறு மானியமும் ஆறு மாத உதவித்தொகையும் கேளுங்கள். கூடவே, ஒப்பந்தமும் கணக்கும் பார்த்துச் சொல்ல முழுநேரமாக ஒருவரைச் சங்கத்தில் உட்கார வைக்கச் சம்பளம் கேளுங்கள்.

கல்லூரி ஆசிரியருக்கு: புதிய பட்டப்படிப்பு கேட்கும் முன், ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் வேலை தரக்கூடியவர்களின் பட்டியல் எடுங்கள். அந்தப் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லையென்றால், நிறுவனம் நிறுவனமாக மாறிப் பழகும் பழகுநர் முறையை உதவித்தொகையோடு கேளுங்கள். அந்தப் பழகுநர்களை வேலைக்கு எடுத்து அனுப்பும் முகமையாகக் கல்லூரியே இருக்கலாம்.

உள்ளாட்சி உறுப்பினருக்கு: உங்களிடம்தான் எல்லாரும் கட்டடம் கேட்பார்கள். உங்கள் எல்லைக்குள் பூட்டிக் கிடக்கும் கிடங்கு, மூடிய ஆலை, மாணவர் இல்லாத பள்ளிக் கட்டடம் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். ஒதுக்கீடு நூறு பங்கு என்றால், நானாக இருந்தால் 40 பங்கை உதவித்தொகையோடு கூடிய பயிற்சிக்கும், 25 பங்கைச் சிறு மானியத்துக்கும், 20 பங்கை ஒரு காலிக் கட்டடத்தைச் செப்பனிட்டு ஐந்து வருடம் நடத்தவும், 10 பங்கைக் கடன் உத்தரவாதத்துக்கும் வைப்பேன். மிச்சம் 5 பங்கு கணக்கெடுப்புக்கு. கேம் நிறுவனங்கள் ஏற்கனவே ஏழெட்டு இருக்கும் பகுதியென்றால் உத்தரவாதத்தை இரட்டிப்பாக்கி மானியத்தைக் குறைக்கலாம். கைவினைஞர்களே பெரும்பான்மை என்றால் பயிற்சியின் பாதியை விற்பனைக்கும் ஒப்பந்தத்துக்கும் திருப்பலாம்.

அந்த 5 பங்கைக் கடைசியில் சொன்னாலும் முதலில் செலவழிக்க வேண்டியது அதுதான். பகுதியில் படைப்புத் தொழில் செய்பவர் ஒவ்வொருவரிடமும் நான்கே கேள்வி: என்ன வேலை தெரியும், போன வருடம் எத்தனை நாள் அந்த வேலை கிடைத்தது, அதில் எத்தனை நாள் இந்த ஊரிலேயே கிடைத்தது, இன்னும் வரவேண்டிய கூலி யாரிடம் எவ்வளவு நிற்கிறது. பதில்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று வருடம் கழித்து அதே ஆட்களிடம் அதே நான்கு கேள்வியைக் கேட்டு, பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.